பக்கத்து மேசைக் கணினியைக் காணோம்: சிங்க்திங் போடும் புதியவர்களுக்கு

கீழே கடையில் ஒரு கணினி, மாடியில் எடிட்டிங்குக்கு ஒன்று, கோயம்புத்தூரில் தம்பி வீட்டில் ஒன்று. கேமராக்களைக் கழித்தால் எங்கள் போட்டோ ஸ்டுடியோவின் சொத்து இவ்வளவுதான். கல்யாண வீடியோவை ஹார்ட் டிஸ்கில் ஏற்றி பார்சல் ஆபீசுக்கு அலைந்தது போதும் என்று ஒருநாள் சிங்க்திங் போட்டேன். கோப்புகளை நடுவில் எந்தச் சர்வரிலும் சேமிக்காமல், கணினியிலிருந்து கணினிக்கே கொண்டுசேர்க்கும் இலவச மென்பொருள் அது. நிறுவப் பத்து நிமிடம்தான். மூன்று கணினிகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள எனக்குப் பதினேழு நாள் ஆனது.

அந்தப் பதினேழு நாளில் பெரும்பகுதி வீணானதற்குக் காரணம் ஒன்றுதான். ஒரு கணினி இன்னொன்று எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. கண்டுபிடித்த இடத்துக்குப் போய்ச் சேர்வது வேறு வேலை. இரண்டும் தனித்தனியாகப் பழுதாகும். திரையிலோ இரண்டுக்கும் ‘டிஸ்கனெக்டெட்’ என்ற ஒரே வார்த்தைதான் வரும். வீட்டு விலாசமே தெரியாதவரும், விலாசம் தெரிந்து போய்ப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிற்பவரும் ஃபோனில் சொல்வது ‘வர முடியவில்லை’ என்றுதானே! கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இதில் எது பழுது என்று கேட்டுக்கொண்டே போங்கள்.

கணினிகள் ஒன்றையொன்று தேட மூன்று வழி உண்டு. முதலாவது தண்டோரா: ஒரே ரவுட்டருக்குள் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று எல்லோருக்கும் கேட்கக் கத்துவது. இரண்டாவது அறிவிப்புப் பலகை: இணையத்தில் ஒரு சர்வரில் தன் விலாசத்தை ஒட்டிவைப்பது, மற்றவர் அங்கே போய்ப் பார்ப்பது. மூன்றாவது, விலாசத்தை நீங்களே கையால் எழுதிக் கொடுத்துவிடுவது. சிங்க்திங்கில் மூன்றும் உண்டு.

1. முதலில் ஒரு காகிதம்

மென்பொருளைத் திறக்குமுன் இவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். நான் எழுதாமல் தொடங்கி, நான்காம் நாள் எழுதினேன்.

ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும், அல்லது இணைப்புக் கொடுக்க வந்தவர் மாற்றிவைத்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் போயிருப்பார். இது இல்லாமல் 6-ஆம் படியைத் தொடவே முடியாது என்பதால் இன்றே கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு கணினியின் உள் ஐபி முகவரி (வீட்டு நெட்வொர்க்குக்குள் ரவுட்டர் அதற்குக் கொடுக்கும் எண் விலாசம்), அது எந்த வைஃபை பெயரில் இருக்கிறது, அல்லது எந்த ரவுட்டரின் கேபிளில் இருக்கிறது. இணைய நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண், பதிவு செய்த மொபைல் எண். இணைப்பு கடைப் பெயரில் இருந்தால் ஜிஎஸ்டி சான்றிதழின் நகலும் பக்கத்தில் இருக்கட்டும். இப்போது தேவையில்லை; 6-ஆம் படியில் யாராவது கேட்பார்கள்.

இதுவரை செலவு எதுவும் இல்லை. 5-ஆம் படி முடியும்வரை எதற்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

2. ஐடியை மாற்றிக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு கணினிக்கும் சிங்க்திங் ஒரு டிவைஸ் ஐடி கொடுக்கும். ஏழு ஏழு எழுத்தாக எட்டுக் கட்டு, மொத்தம் 56 எழுத்து. இது கணினியின் பாதுகாப்புச் சான்றிதழிலிருந்து கணக்கிடப்படுவது. அதில் நான்கு எழுத்துகள் தட்டச்சுப் பிழையைப் பிடிப்பதற்காகவே சேர்க்கப்பட்டவை. அதனால் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தால் ஏற்றுக்கொள்ளாது, பயப்பட வேண்டாம். இருந்தாலும் கையால் அடிக்காதீர்கள். ‘ஆக்ஷன்ஸ்’ மெனுவில் ‘ஷோ ஐடி’யை அழுத்தினால் க்யூஆர் படமும் வரும், நகலெடுக்கவும் செய்யலாம். வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்வது எளிது.

இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் சேர்க்க வேண்டும். கடைக் கணினியில் மாடிக் கணினியைச் சேர்த்துவிட்டுக் காத்திருந்தால், மாடியில் ‘இன்னார் இணைய விரும்புகிறார்’ என்று கேட்கும். ஆனால் அந்தக் கேள்வி வருவதற்கே முதலில் இரண்டும் சந்தித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்காமல், மறுபக்கத்திலும் ஐடியை நீங்களே சேர்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

ஒரு கண்ணியை இங்கே சொல்லியே ஆக வேண்டும். மாடிக் கணினிக்குப் புது எஸ்எஸ்டி வாங்கியபோது, கடைக் கணினியின் டிஸ்கை அப்படியே குளோன் செய்து போட்டுவிட்டோம். விண்டோஸ், மென்பொருள்கள் எல்லாம் தயாராக வரும் என்ற சோம்பேறித்தனம். அதோடு சிங்க்திங்கின் சான்றிதழும் நகலாகிவிட்டது. இரண்டு கணினிக்கும் ஒரே ஐடி! தம்பியின் கணினி ஒரு நேரம் கடையோடு பேசும், ஒரு நேரம் மாடியோடு பேசும், கோப்புகள் வருவதும் நிற்பதுமாக இருக்கும். ஒரே பெயரில் ஒரே தெருவில் இரண்டு பேர் இருந்தால் தபால்காரர் என்ன செய்வார், அதேதான். குளோன் செய்த கணினி என்றால் முதல் வேலையாக ஐடியின் முதல் ஏழு எழுத்தை இரண்டிலும் ஒப்பிடுங்கள். ஒன்றாக இருந்தால், நகலான கணினியில் சிங்க்திங்கை நிறுத்தி, அதன் அமைப்புக் கோப்புறையை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். புது ஐடி வந்துவிடும். பகிரும் கோப்புறைகளை மட்டும் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம், இந்த ஐடி பாஸ்வேர்டு மாதிரி ரகசியம் இல்லை. அதை வைத்துக்கொண்டு யாரும் உங்கள் கோப்பை எடுக்க முடியாது. ஆனால் ஐடி தெரிந்தவர் அறிவிப்புப் பலகையில் விசாரித்து உங்கள் ஐபி முகவரியைத் தெரிந்துகொள்ளலாம். பொது இடத்தில் ஸ்கிரீன்ஷாட் போடும்போது மறைத்துவிடுங்கள்.

3. முதல் சோதனை ஒரே வைஃபையில்

தூரத்துக் கணினியோடு தொடங்காதீர்கள். இரண்டையும் ஒரே ரவுட்டரில், முடிந்தால் ஒரே மேசையில் வையுங்கள். தம்பியின் லேப்டாப்பாக இருந்தாலும் அடுத்த முறை ஊருக்கு வரும்போது கொண்டுவரச் சொல்லி, இங்கே ஜோடி சேர்த்து அனுப்புங்கள்.

ஒரே நெட்வொர்க்குக்குள் சிங்க்திங் யுடிபி 21027 போர்ட்டில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை தண்டோரா போடும். (போர்ட் என்பது கணினியில் எண் போட்ட ஒரு வாசல்; யுடிபி, டிசிபி இரண்டும் தகவல் அனுப்பும் முறைகள்.) எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றிரண்டு நிமிடத்தில் ‘கனெக்டெட்’ வந்துவிட வேண்டும். மறுபக்கக் கணினியின் விவரத்தைத் திறந்து இணைப்பு வகையைப் பாருங்கள். லேன் என்றால் உள் நெட்வொர்க், வேன் என்றால் வெளி இணையம், ரிலே என்றால் நடுவில் ஒரு சர்வர் கைமாற்றிவிடுவது. ‘டிசிபி லேன்’ என்றோ ‘க்விக் லேன்’ என்றோ இருந்தால் வேலை முடிந்தது. சில நிமிடம் கழித்தும் ‘ரிலே வேன்’ என்றே இருந்தால் நிறுத்துங்கள், ஏதோ பிசகு.

எனக்கு அப்படித்தான் வந்தது. எங்கள் உதவியாளரின் லேப்டாப்பும் கடைக் கணினியும் ஒரே மேசையில் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. பச்சை நிறத்தில் ‘கனெக்டெட்’ என்று வந்ததும் சந்தோஷத்தில் மேற்கொண்டு எதையும் பார்க்கவில்லை. 40 ஜிபி கல்யாண வீடியோவைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் கால்வாசிகூட ஏறவில்லை. ஒன்றரை அடி தூரத்தில் இருக்கும் கணினிக்கு, எங்கோ ஒரு புண்ணியவான் நடத்தும் ரிலே சர்வர் வழியாக ஊரைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது.

காரணம், லேப்டாப் இருந்தது கெஸ்ட் வைஃபையில். வாடிக்கையாளர்களுக்காகப் போட்ட அதன் பாஸ்வேர்டு ஞாபகம் வைக்க எளிது என்பதால் எங்கள் ஆட்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கெஸ்ட் வைஃபையின் வேலையே உள்ளே இருப்பவர்களை ஒருவரிடமிருந்து ஒருவர் பிரித்து வைப்பதுதான். தண்டோராச் சத்தமும் போகாது, நேரடி இணைப்பும் போகாது. இணையம் மட்டும் போகும். அதனால் பலகையைப் பார்த்துக் கண்டுபிடித்து, நேரில் போக முடியாமல், ரிலேயைப் பிடித்திருக்கிறது. சில ரவுட்டர்களில் கெஸ்ட் இல்லாத சாதாரண வைஃபையிலும் ‘ஏபி ஐசோலேஷன்’ அல்லது ‘கிளையன்ட் ஐசோலேஷன்’ என்ற பெயரில் இதே பூட்டு இருக்கும். அதை அணையுங்கள்.

அடுத்தது, நம் வீடுகளில் அதிகம் பார்ப்பது: ரவுட்டருக்குப் பின்னால் இன்னொரு ரவுட்டர். கீழே இணைய நிறுவனம் கொடுத்த பெட்டி, மாடிக்கு சிக்னல் போதவில்லை என்று கடையில் வாங்கிய இரண்டாவது பெட்டி. கேபிளை அதன் ‘வேன்’ துளையில் செருகிவிட்டால் மாடி ஒரு தனி நாடாகிவிடும். இதைக் கண்டுபிடிக்க ஐபி முகவரியைப் பார்த்தால் போதும். கீழே 192.168.1 என்று தொடங்கி, மாடியில் 192.168.0 என்று தொடங்கினால் அதுதான்.

இது என்னை ஏமாற்றிய விதம் சுவாரசியமானது. இரண்டு வாரம் கடையும் மாடியும் நன்றாகவே வேலை செய்தன. ஒருநாள் மின்சாரம் போய் வந்தது. கணினிகள் எழுந்தன, ஆனால் தெருவில் ஃபைபர் அறுந்து இணையம் மட்டும் வரவில்லை. உள்ளூர்க் கேபிளுக்கு இணையம் எதற்கு என்று அலட்சியமாக இருந்தேன். மாடிக் கணினி ‘டிஸ்கனெக்டெட்’ என்று அடம்பிடித்தது. யோசித்துப் பார்த்தால், அதுவரை அவை சந்தித்ததே இணையப் பலகை வழியாகத்தான். பலகையில் கடைக் கணினி தன் உள் ஐபியையும் சேர்த்து ஒட்டிவைக்கும்; மாடிக் கணினி அதைப் படித்து நேராக வந்து சேரும். மாடியிலிருந்து கீழே வர ரவுட்டர் தடை சொல்வதில்லை. தண்டோரா மட்டும் ரவுட்டரைத் தாண்டாது. இணையம் போனதும் பலகை போனது, விலாசம் போனது. வழி திறந்துதான் இருந்தது!

அன்றைக்கு அவசரத்துக்குச் செய்தது: மாடிக் கணினியில் கடைக் கணினியின் விவரத்தைத் திருத்தி, ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ‘அட்ரசஸ்’ என்ற கட்டத்தில் ‘டைனமிக்’ என்று இருப்பதற்கு முன்னால் விலாசத்தை எழுதி ஒரு காற்புள்ளி வைத்தேன். எழுதும் முறை: டிசிபி, கோலன், இரண்டு ஸ்லாஷ், உள் ஐபி, கோலன், 22000. ‘டைனமிக்’கை அழிக்காதீர்கள், இரண்டும் இருக்கலாம். ஒரு நிமிடத்தில் இணைந்துவிட்டது. இப்படிக் கையால் எழுதினால் ரவுட்டரில் அந்தக் கணினிக்கு அந்த ஐபியையே எப்போதும் கொடுக்கும்படி ‘டிஹெச்சிபி ரிசர்வேஷன்’ செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மின்வெட்டில் விலாசம் மாறிவிடும்.

நிரந்தரத் தீர்வு, இரண்டாவது பெட்டியை வைஃபையை மட்டும் பரப்பும் ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றுவது. அந்த வசதி இல்லாத பழைய பெட்டியென்றால் ஐபி பங்கிட்டுக் கொடுக்கும் அதன் டிஹெச்சிபியை அணைத்து, அதன் ஐபியை முதல் ரவுட்டரோடு மோதாத எண்ணாக மாற்றி, கேபிளை ‘வேன்’ துளையிலிருந்து எடுத்து ‘லேன்’ துளையில் செருகுங்கள். அரை மணி நேர வேலை, செலவு பூஜ்யம். அன்று நான் இதைச் செய்யவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் செய்தேன்.

சோதிக்க, இன்னொரு கணினியை ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் பிங் கட்டளையைப் பயன்படுத்தலாம், ஆனால் முழுக்க நம்பாதீர்கள். பிங்குக்குப் பதில் வந்தால் வழி இருக்கிறது என்று நிச்சயம். வராவிட்டால் அது சந்தேகம் மட்டுமே. விண்டோஸ் பல நேரம் பிங்குக்கு வாயே திறக்காது.

விபிஎன் போட்டிருந்தால் சோதனை முடியும்வரை அணைத்துவிடுங்கள். நாஸ் பெட்டியில் டாக்கர் வழியாக சிங்க்திங் ஓட்டுபவர்கள் நெட்வொர்க்கை ‘ஹோஸ்ட்’ என்று வைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்டோரா டாக்கரின் உள் நெட்வொர்க்கைத் தாண்டி வெளியே வராது.

4. ஃபயர்வால்

ஃபயர்வால் என்பது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மறிக்கும் காவலாளி. அதைச் சரிசெய்வது சின்ன வேலை. விண்டோஸில் முதல்முறை சிங்க்திங்கை ஓட்டும்போது அனுமதி கேட்கும். அவசரத்தில் ‘கேன்சல்’ அழுத்தியிருப்பீர்கள். ஃபயர்வால் அமைப்பில் போய் அனுமதியுங்கள். கூடவே, உங்கள் வைஃபை ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். லினக்ஸில் திறக்க வேண்டியவை மூன்று: டிசிபி 22000, யுடிபி 22000, யுடிபி 21027. முதல் இரண்டும் போய்ச் சேர்வதற்கு, மூன்றாவது கண்டுபிடிப்பதற்கு. பிரித்துப் பார்க்கச் சொன்னேன் அல்லவா, போர்ட்டிலேயே பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

தனியாக வாங்கிய ஆன்டிவைரஸில் இன்னொரு ஃபயர்வால் ஒளிந்திருக்கும். அதையும் பாருங்கள்.

5. வெளியூர்க் கணினி: பலகை வேலை செய்கிறதா?

உள்ளூரில் ஜோடி சேர்ந்த லேப்டாப் கோயம்புத்தூர் போனதும் தண்டோரா உதவாது. இனி அறிவிப்புப் பலகைதான். சிங்க்திங் குழுவே நடத்தும் பொதுச் சர்வர்கள் இவை, கட்டணம் கிடையாது. உங்கள் கணினி தன் ஐடியையும் விலாசங்களையும் சுமார் அரை மணிக்கு ஒருமுறை அங்கே புதுப்பிக்கும். கோப்புகள் அந்தப் பக்கம் போவதே இல்லை.

திரையில் ‘திஸ் டிவைஸ்’ பகுதியில் ‘டிஸ்கவரி’ என்ற வரியைப் பாருங்கள். 5/5 என்று இருந்தால் எல்லாம் சரி. 4/5 என்று இருந்தால் புதியவர்கள் பதறுவார்கள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்குக் கொடுத்தேன். எண்ணின் மேல் அழுத்தினால் எது தோற்றது என்று காட்டும். ஐபிவி6 (ஐபி முகவரியின் புதிய வகை) வழி மட்டும் தோற்றிருந்தால், உங்கள் இணைப்பில் ஐபிவி6 இல்லை என்று அர்த்தம், அவ்வளவுதான். விட்டுவிடுங்கள். பலகை வழிகள் எல்லாமே தோற்றிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படித் தோற்றால் முதலில் கணினியின் தேதியைப் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி நம்பாது, இணைப்பு நிற்கும். நாணயம் மாதிரி இருக்கும் சிஆர் 2032 பேட்டரிதான், கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

தேதி சரி என்றால் அந்த இடத்தின் நெட்வொர்க்கே தடுக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி, அலுவலக வைஃபைகளில் இது சகஜம். ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஐந்து நிமிடம் இணைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அலுவலக வைஃபை என்றால் சண்டை போடாதீர்கள், அங்கே வீட்டுக் கோப்பை ஓட்டுவதே உங்களுக்கு வம்பு.

சொந்தமாகப் பலகைச் சர்வர் வைக்கவும் வழி உண்டு, அந்த மென்பொருளும் இலவசம்தான். ஆனால் அதை ஓட்ட மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுக்க வேண்டும், அதைப் பராமரிக்கவும் வேண்டும். மூன்று கணினிக்கு இது கொசு அடிக்க உலக்கை. பெரிய அலுவலகம், வெளியே எந்தத் தடமும் போகக்கூடாது என்பவர்கள் மட்டும் யோசியுங்கள்.

6. ரிலேயிலிருந்து நேரடிக்கு: இங்கேதான் பணம் போகும்

இப்போது வெளியூர்க் கணினி ‘கனெக்டெட்’, ஆனால் ‘ரிலே வேன்’. கண்டுபிடித்தாயிற்று, போய்ச் சேர வழியில்லை. ரிலேக்களைத் தன்னார்வலர்கள் தங்கள் செலவில் நடத்துகிறார்கள். நடுவில் இருப்பவர் கோப்பைப் படிக்க முடியாது, இரு முனைக்கும் இடையில் குறியாக்கம் உண்டு. வேகம்தான் பிரச்சினை. கணக்கு நோட்டு, வேர்டு கோப்பு என்றால் ரிலேயே தாராளம். இந்தப் படியைத் தாண்டி 7-க்குப் போங்கள். வீடியோ என்றால் படியுங்கள்.

முதலில் ஒரு நல்ல செய்தி. இரண்டு பக்கமும் வெளியிலிருந்து வரக்கூடியதாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் திறந்திருந்தால் மறுபக்கம் வந்து சேர்ந்துவிடும். எனவே எந்தப் பக்கம் எளிதோ அதில் மட்டும் மெனக்கெடுங்கள்.

ரவுட்டர் பக்கத்தைத் திறந்து ‘வேன் ஐபி’ என்ன என்று பாருங்கள். பிறகு ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு இணையதளத்தைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ரவுட்டரில் டிசிபி 22000, யுடிபி 22000 இரண்டையும் கணினியின் உள் ஐபிக்கு ‘போர்ட் ஃபார்வர்டு’ செய்யுங்கள், அதாவது அந்த வாசலுக்கு வெளியிலிருந்து வருவதைக் கணினிக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள், முடிந்தது. ‘யுபிஎன்பி’ இயங்கினால் சிங்க்திங் தானாகவே இதைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். 8384-ஐ மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியே திறக்காதீர்கள். அது சிங்க்திங்கின் நிர்வாகப் பக்கம். அதைத் திறப்பது கடைச் சாவியை வாசலில் தொங்கவிடுவது மாதிரி.

இரண்டும் வேறாக இருந்து, வேன் ஐபி 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால், நீங்கள் இருப்பது சிஜிநாட்டுக்குள். ஒரே பொது ஐபியைப் பல வீட்டுக்கு நிறுவனம் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது. 10 அல்லது 192.168 என்று தொடங்கினாலும் மேலே இன்னொரு பெட்டி இருக்கிறது என்றுதான் பொருள். அந்தப் பெட்டி உங்கள் வீட்டிலேயே இருந்தால் அதிலும் ஃபார்வர்டு செய்ய வேண்டும். நிறுவனத்திடம் இருந்தால் உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தும் பயனில்லை. நீங்கள் திறப்பது உங்கள் வீட்டுக் கதவு. பூட்டியிருப்பதோ அடுக்குமாடியின் மெயின் கேட்.

இது தெரியாமல் வாடிக்கையாளர் சேவைக்கு நான்கு முறை பேசினேன். நான்கு முறையும் ‘ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்து போர்ட் ஓப்பன் பண்ணுங்க சார்’ என்றார்கள். கடைசியில் வேறு வேலையாகக் கம்பத்தில் ஏறியிருந்த லைன்மேன் தம்பிதான் கீழே இறங்கி, ‘அண்ணே, உங்களுக்கு வெளி ஐபியே கிடையாதே, எங்க போய் ஓப்பன் பண்ணுவீங்க?’ என்றார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

செலவைத் தவிர்க்க முதலில் ஐபிவி6 இருக்கிறதா பாருங்கள். இரண்டு பக்கமும் ஐபிவி6 இருந்தால் சிஜிநாட் பிரச்சினையே இல்லை. ஒரு பக்க ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் 22000-ஐ அனுமதித்தால் போதும். பல ரவுட்டர்களில் ஐபிவி6 இருந்தும் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

அதுவும் இல்லையென்றால் நிறுவனத்திடம் கேட்க வேண்டும். இங்கே நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். நான் ‘ஸ்டாட்டிக் ஐபி’ கேட்டேன். மாதம் இருநூறு ரூபாய் வாக்கில், ஒரு வருடத்துக்கு மொத்தமாக, ஜிஎஸ்டி 18 சதவீதம் தனி. கட்டிவிட்டேன். நமக்குத் தேவை மாறாத ஐபி இல்லை. வெளியிலிருந்து வரக்கூடிய ஐபி, அதாவது ‘பப்ளிக் ஐபி’. அது தினமும் மாறினாலும் கவலையில்லை, மாறிய விலாசத்தைச் சிங்க்திங் தானே பலகையில் ஒட்டிவிடும். பலகை இருப்பதே அதற்குத்தானே! சிஜிநாட்டிலிருந்து வெளியே எடுத்து, மாறும் பப்ளிக் ஐபி கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். சில நிறுவனங்கள் இதை இலவசமாகவே செய்கின்றன. முதல் ஆளுக்குப் புரியாவிட்டால், ‘சிசிடிவியை வெளியூரிலிருந்து பார்க்கக் கொடுப்பீர்களே, அந்த மாதிரி ஐபி’ என்று சொல்லுங்கள், உடனே புரியும். 1-ஆம் படியில் எழுதிவைத்த வாடிக்கையாளர் எண்ணும் ஜிஎஸ்டி நகலும் இப்போதுதான் வெளியே வரும். எனக்கு விண்ணப்பித்து நான்காம் நாள் கிடைத்தது.

7. ஃபோன்

ஆண்ட்ராய்டுக்கான அதிகாரபூர்வச் செயலி 2024 டிசம்பரோடு நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பதில் ‘சிங்க்திங் ஃபோர்க்’ என்ற கிளைப் பதிப்பு இருக்கிறது. பேட்டரி அமைப்பில் அதற்குத் தடை நீக்காவிட்டால் திரை அணைந்ததும் ஃபோன் அதைத் தூங்கவைத்துவிடும். தூங்குகிற செயலி தண்டோரா போடாது, கேட்கவும் செய்யாது. ஐஃபோனில் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதி கேட்கும்போது மறுத்துவிட்டால் உள்ளூர்த் தேடல் நடக்காது. செட்டிங்ஸில் போய் மறுபடி கொடுங்கள்.

8. எவ்வளவு நேரம் பொறுப்பது

பொறுமையில்லாமல் நொடிக்கொருமுறை ரீஸ்டார்ட் செய்ததில்தான் எனக்குப் பாதி குழப்பம். உள்ளூர் என்றால் இரண்டு நிமிடம் கொடுங்கள். அறுந்த இணைப்பை மறுபடி முயல்வது நிமிடத்துக்கு ஒருமுறை. வெளியூர் என்றால் ஐந்து நிமிடம். ரவுட்டர் அமைப்பை மாற்றினால் ரவுட்டர் எழுந்து இணையம் வந்தபிறகு கணக்குத் தொடங்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைத் தாளில் எழுதுங்கள். முதலில் ரிலேயில் இணைந்து, சில நிமிடம் கழித்து நேரடிக்கு மாறுவதும் உண்டு. அதனால் ‘ரிலே’யைப் பார்த்தவுடன் எதையும் நோண்டாதீர்கள்.

9. சிங்க்திங் இல்லாதவர்களுக்கு

பிரிண்டர், டிவிக்குப் படம் அனுப்புவது போன்றவையும் இதே தண்டோராக் குடும்பம்தான். வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் எம்டிஎன்எஸ் முறையில் 224.0.0.251 என்ற முகவரிக்கு, யுடிபி 5353 போர்ட்டில் தங்கள் பெயரைச் சொல்லும். 3-ஆம் படியின் கண்ணிகள் அனைத்தும், கெஸ்ட் வைஃபை உட்பட, இதற்கும் பொருந்தும். ஒழுங்காக அணைத்தால் பிரிண்டர் ‘போய்வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகும். பிளக்கைப் பிடுங்கினால் சொல்லாது, இல்லாத பிரிண்டரின் பெயர் பட்டியலில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் நிற்கலாம்; அந்த வகைப் பதிவின் ஆயுள் 75 நிமிடம். கம்ப்யூட்டரில் பிரிண்டர் தெரிகிறது, பிரிண்ட் மட்டும் வரவில்லை என்றால் முதலில் பிளக்கைப் பாருங்கள்.

பலர் கணினிகளிலிருந்து துண்டு துண்டாகக் கோப்பை இறக்கும் டொரன்டில், பொதுப் பலகை இல்லாமலும் தேடல் நடக்கும். டிஎச்டி என்ற அந்த முறையில், அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டே போவதுதான் வழி. ஒரு கணினியிடம் கேட்டால், தனக்குத் தெரியாவிட்டாலும் ‘இவர்களுக்குத் தெரிந்திருக்கும்’ என்று இன்னும் நெருங்கிய எட்டுப் பேரைக் காட்டும். அவர்களிடம் கேட்டால் இன்னும் நெருங்கிய ஆட்கள். விசாரணையைத் தொடங்க முதலில் யாராவது ஒருவரைத் தெரிந்திருக்க வேண்டும். புதிதாக நிறுவிய மென்பொருளில் ‘டிஎச்டி: 0’ என்று நின்றால், அந்த முதல் ஆளையே எட்ட முடியவில்லை என்று பொருள். பெரும்பாலும் யுடிபி தடுக்கப்பட்டிருக்கும். 4-ஆம் படிக்குத் திரும்புங்கள்.

தாளைத் தூக்கிப் போடாதீர்கள். எங்கள் தாள் கடை ரவுட்டருக்குப் பின்னால் செல்லோடேப்பில் ஒட்டியிருக்கிறது. போன மாதம் நிறுவனத்தார் பழைய பெட்டியை எடுத்துப் புதுப் பெட்டி வைத்துவிட்டுப் போனார்கள். ரிசர்வேஷன், போர்ட் ஃபார்வர்டு எல்லாம் பழைய பெட்டியோடு போய்விட்டது. தாளைப் பார்த்துத் திரும்பப் போட இருபது நிமிடம் ஆனது. புதுப் பெட்டியில் கெஸ்ட் வைஃபை தானாகவே திறந்திருந்தது; உதவியாளரின் லேப்டாப் அதற்குள் அதில் ஏறிவிட்டிருந்தது.